குறுக்குவழி யாருடைய வழி? மெனுவும் விசையும் மிச்சமாகும் விநாடியும்

1

கணினித் திரையின் உச்சியில் தொங்கும் மெனுக்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தொழில்நுட்பம் குறித்து நம்மிடையே நடக்கிற பேச்சு இரண்டே தடங்களில் ஓடுகிறது. கணினி வந்தால் எல்லாம் மாறிவிடும் என்கிற புளகாங்கிதம் ஒன்று. அது மூலதனத்தின் கருவி, ஆகவே உள்ளே போய்ப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை என்கிற விலகல் மற்றொன்று. இரண்டுமே கருவியைத் தொடும் கையைப் பார்ப்பதில்லை. ஒரு மெனு எத்தனை விநாடியில் திறக்கிறது, ஒரு கட்டளைக்கு எத்தனை விசை தட்டவேண்டும் என்பதெல்லாம் பொறியாளர்கள் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அங்கேதான் உழைப்பு நேரம் துண்டு துண்டாக அளக்கப்படுகிறது. மிச்சமாகும் துண்டு யாருக்குப் போகிறது என்பதும் அங்கேதான் முடிவாகிறது.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். கீபோர்டில் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி ஒரு வேலையை முடிப்பதற்குத் தமிழில் 'குறுக்குவழி' என்று பெயர் வைத்திருக்கிறோம். நம் பேச்சில் குறுக்குவழியில் போகிறவன் யார்? பாடுபடாமல் முன்னுக்கு வரப் பார்க்கிறவன், காசு கொடுத்துக் காரியம் முடிக்கிறவன். குறுக்குவழி என்று சொன்ன உடனே நேர்வழி ஒன்று வேறெங்கோ இருப்பதாக ஆகிவிடுகிறது. கணினியில் அந்த நேர்வழி மௌஸும் மெனுவும். இந்தப் படிநிலையை இயற்கையானதுபோலப் பாவிக்கிறோம். ஆனால் இது கட்டமைக்கப்பட்ட ஒன்று. எப்போது, எப்படிக் கட்டினார்கள் என்று வருஷம் சொல்லிக் காட்ட முடியும்.

1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் மௌஸை முதன்முறையாகப் பொதுவில் இயக்கிக் காட்டியபோது அவருடைய வலது கையில் மௌஸ் இருந்தது. இடது கைக்கு ஐந்து விசைகள் மட்டும் கொண்ட ஒரு சிறு பலகை இருந்தது. விசைகளைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தி எழுத்தும் கட்டளையும் கொடுக்கலாம். ஒரு கை சுட்டும், மறு கை ஆணையிடும். இதைக் கற்றுக்கொள்ள நாளாகும், ஆகட்டுமே என்பதுதான் அவர் நிலைபாடு. மனித ஆற்றலைப் பெருக்குகிற கருவி பயிற்சியைக் கோரும் என்று அவர் நம்பினார். சந்தை மௌஸை எடுத்துக்கொண்டு ஐந்து விசைப் பலகையைத் தூக்கிப் போட்டது. 1984இல் ஆப்பிள் மக்கின்டாஷ் வெளிவந்தபோது அதன் கீபோர்டில் அம்புக்குறி விசைகளே கிடையாது. மறந்துபோய் விட்டது அல்ல அது. கை மௌஸைத் தேடிப் போகவேண்டும் என்பதற்காகவே விடப்பட்டது. நேர்வழி இப்படித்தான் போடப்பட்டது: மற்ற வழியில் முள்ளை வெட்டிப் போட்டு.

2

மெனுவை வேகமாக்குவது என்கிற அறிவியலுக்கு ஒரு வம்சாவளி உண்டு. ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரான் ஆகிய இருவரும் ஆலன் நியூவெல்லோடு சேர்ந்து 1980இல் ஒரு கணக்குமுறையை வெளியிட்டார்கள். திரையின் முன்னால் செய்கிற எந்த வேலையையும் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்துவிடலாம் என்பது அதன் அடிப்படை. நன்றாகத் தட்டச்சு செய்கிறவர் ஒரு விசையைத் தட்ட 0.2 விநாடி. கீபோர்டிலிருந்து மௌஸுக்குக் கை போக 0.4 விநாடி. மௌஸால் ஓர் இடத்தைச் சுட்ட 1.1 விநாடி. அடுத்து என்ன என்று மனசு ஆயத்தமாக 1.35 விநாடி. கூட்டிப் பார்த்தால் விஷயம் தெளிவு. மெனு வழியாக ஒரு சொல்லை வெட்டவேண்டுமானால் கை போக, மெனுவைச் சுட்ட, அதற்குள் கட்டளையைச் சுட்ட, கை திரும்ப என்று 3 விநாடி. இரண்டு விசை என்றால் 0.4. மனசின் நேரம் இரண்டிலும் சேர்க்கப்படவில்லை.

இது டெய்லரின் கடிகாரம். 1911இல் 'விஞ்ஞானபூர்வ நிர்வாகத்தின் கோட்பாடுகள்' எழுதிய ப்ரெடரிக் டெய்லர் மண்வெட்டி பிடித்த கையை அளந்தார். இவர்கள் விசை தட்டும் விரலை அளந்தார்கள். ஹாரி பிரேவர்மன் 1974இல் சொன்னது நமக்குத் தெரியும். வேலையைச் சிந்திப்பது ஓரிடத்திலும் செய்வது வேறிடத்திலும் என்று பிரிகிறபோது தொழிலாளியின் அறிவு நிர்வாகத்தின் சொத்தாகிறது. ஃபூக்கோ படைவீரனின் உடலும் துப்பாக்கியும் அசைவு அசைவாக எப்படிக் கோக்கப்பட்டன என்று காட்டினார். விரலையும் விசையையும் கோப்பதும் அதே ஒழுங்குமுறையின் தொடர்ச்சி. இப்படி ஒரு வாசிப்பு சாத்தியம்தான், அதில் உண்மையும் இருக்கிறது.

ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் ஒன்று தவறிப்போகிறது. இந்தக் கணக்கு தன் எல்லையைத் தானே சொல்லிக்கொள்கிறது: வேலையை நன்றாக அறிந்தவர், பிழையே செய்யாமல், வழக்கமான வேலையைச் செய்கிறபோது மட்டுமே இது பொருந்தும். அதாவது தடுமாறுகிறவர், கற்றுக்கொள்கிறவர், திரும்பிப் பார்க்கிறவர் இதற்குள் இல்லை. 1989இல் ஆப்பிளில் இருந்த ப்ரூஸ் டாக்னஸீனி இன்னொரு பக்கத்திலிருந்து இதைத் தொட்டார். சோதனைக்கு வந்தவர்கள் விசைதான் வேகம் என்கிறார்கள், கடிகாரமோ மௌஸ்தான் வேகம் என்கிறது. எந்த விசை என்று யோசிக்கிற நேரம் அவர்கள் நினைவில் பதியவே இல்லை என்று எழுதினார். இதைப் பலர் மறுத்தார்கள், இன்றும் மறுக்கிறார்கள். யார் சரி என்பது எனக்கு முக்கியமில்லை. அனுபவிக்கப்பட்ட நேரமும் அளக்கப்பட்ட நேரமும் வேறுவேறு என்பது ஒப்புக்கொள்ளப்படுகிறது, உடனே தீர்ப்பு கடிகாரத்தின் கையில் கொடுக்கப்படுகிறது. கவனிக்கவேண்டியது அந்த உடனே-யைத்தான்.

3

கடிகாரத்தின் தீர்ப்பு எங்கே போய் முடியும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் தொலைபேசிச் சேவை நடத்திவந்த நைனெக்ஸ் நிறுவனம் 1980களின் கடைசியில் தன் ஆபரேட்டர்களுக்குப் புதிய கணினி மேசைகளை வாங்க யோசித்தது. புதியதில் திரை வேகம், படங்கள் உண்டு, அடிக்கடி தட்டும் விசைகள் பக்கத்தில் பக்கத்தில். பார்த்தவர் எவரும் இதுதான் வேகம் என்பார்கள். வேய்ன் க்ரே, போனி ஜான், மைக்கேல் அட்வுட் ஆகியோர் மேற்சொன்ன கணக்குமுறையை விரிவாக்கி ஒவ்வோர் அழைப்பையும் பிரித்துப் பார்த்தார்கள். 1993இல் வெளியான அந்த ஆய்வுக்கு 'ப்ராஜெக்ட் எர்னஸ்டைன்' என்று பெயர். லில்லி டாம்லின் என்ற நகைச்சுவை நடிகை ஏற்றுநடித்த தொலைபேசி ஆபரேட்டரின் பெயர் அது. நகைச்சுவையில் வாடிக்கையாளரைப் படுத்தியெடுக்கிற எர்னஸ்டைன் ஆய்வில் விநாடிகளாகப் பிரிக்கப்படுகிறார்.

முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. புதிய மேசை ஓர் அழைப்புக்குச் சுமார் 0.6 விநாடி மெதுவாக இருக்கும் என்று கணக்கு சொன்னது. நேரடிச் சோதனையிலும் அப்படியே வந்தது. ஓர் அழைப்பில் ஒரு விநாடி என்பது நிறுவனத்துக்கு வருஷத்துக்கு 30 லட்சம் டாலர். ஆகவே புதிய மேசை வாங்கினால் வருஷத்துக்குச் சுமார் 20 லட்சம் டாலர் நஷ்டம்.

ஏன் மெதுவானது? வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கிறபோதே பழைய மேசையின் ஆபரேட்டர் காதால் கேட்டுக்கொண்டே விரலால் தட்டிக்கொண்டிருப்பார். அந்தத் தட்டலுக்குத் தனியாக நேரம் செலவில்லை, பேச்சின் நிழலில் அது ஒளிந்துகொண்டது. புதிய வடிவம் அந்த நிழலில் இருந்த விசைகளை மிச்சம் பிடித்தது. எல்லோரும் காத்திருக்கிற இடத்தில் ஒரு விசையைக் கூட்டியது. மொத்த விசைகள் குறைந்தன, மொத்த நேரம் கூடியது. வடிவமைப்புக் கலைக்கு இது ஒரு பெரிய பாடம். விசைகளை எண்ணிப் பயனில்லை, எந்த விசை எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

நாம் இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். கேட்டுக்கொண்டே தட்டுவது என்கிற அந்த நெசவை ஆபரேட்டர்களின் உடம்பு தானாகக் கற்றிருந்தது. கருவி வாங்க வந்தவர்களின் கண்ணுக்கு அது தெரியவில்லை. ஆக, நிர்வாகத்தின் மொழியிலேயே நிர்வாகத்துக்கு எதிராகத் தொழிலாளியின் கைத்திறன் நிரூபிக்கப்பட்ட ஒரு அரிய இடம் இது. மற்றொரு வாசிப்பு கசப்பானது. பேச்சுக்கு நடுவே இருந்த அந்த இடுக்குதான் ஆபரேட்டர் மூச்சுவிடுகிற இடமும். நல்ல வடிவமைப்பு என்பது அந்த இடுக்கில் வேலையைச் சொருகுவது என்று ஆகிவிட்டது. ஆலை முதலாளிகள் சாப்பாட்டு நேரத்திலிருந்து நிமிஷங்களைக் களவாடியதை மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் எழுதினார். இங்கே அலகு நிமிஷம் அல்ல, விநாடியில் பாதி.

இதே நைனெக்ஸில் 1989இல் சுமார் 60,000 தொழிலாளர்கள் பதினேழு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். மருத்துவக் காப்பீட்டுச் செலவைத் தொழிலாளி தலையில் ஏற்றாதே என்பது கோரிக்கை. அரை விநாடியின் விலை துல்லியமாகத் தெரிந்த நிறுவனம் அது. அந்த அரை விநாடியைத் தங்கள் விரலில் வைத்திருந்தவர்களுக்கு அதில் பங்கு என்ன என்கிற பத்தி மட்டும் அந்தக் கணக்குப் புத்தகத்தில் இல்லை.

4

அப்படியானால் வேகமே எதிரியா? தோழர்கள் சிலர் அப்படித்தான் பேசுகிறார்கள். வேகம் முதலாளியத்தின் மதிப்பீடு, நாம் மெதுவாக இருப்போம் என்று. கேட்க அழகாக இருக்கிறது. கையால் வேலை செய்து பிழைக்காதவர்கள் சொல்லக்கூடிய வாசகம் இது என்று எனக்குப் படுகிறது.

நம் சிறுபத்திரிகைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈய எழுத்துக்காலத்தில் கம்பாஸிட்டர் தன் முன்னால் சாய்த்து வைத்த கேஸிலிருந்து எழுத்தைப் பொறுக்குவார். தமிழுக்கு அறைகள் நூற்றுக்கணக்கில். அவர் கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், கை தானாகப் போய் எழுத்தை எடுத்துவரும். அதுதான் நம் அச்சுக்கூடத்தின் மெனு. அடிக்கடி வருகிற எழுத்து கைக்குப் பக்கத்தில், எப்போதாவது வருவது தூரத்தில். அந்த வேகம் அவருடையது. அதில் அவருக்கு ஒரு கெத்தும் இருந்தது. யாரும் அதை அந்நியமாதல் என்று சொன்னதில்லை.

நான் சில வருஷம் டி.டி.பி. வேலை பார்த்தவன். பேஜ்மேக்கரில் மெனுவைத் திறக்காமலே ஒரு புத்தகத்தை முடிக்கிற ஆபரேட்டர்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இடது கைச் சுண்டுவிரல் கண்ட்ரோலிலேயே குடியிருக்கும். என்ன விசை என்று கேட்டால் சொல்லத் தெரியாது, கீபோர்டில் கை வைத்துப் பார்த்துத்தான் சொல்வார்கள். அறிவு விரலில் இருந்தது. பக்கக் கணக்கில் கூலி. ஆகவே மிச்சமான விநாடி முதலில் அவர்களுக்கே வந்தது: நாளைக்கு ஐந்தாறு பக்கம் கூடுதலாக ஓடும், பஸ் போவதற்குள் வீட்டுக்குக் கிளம்பலாம். கொஞ்ச நாள்தான். எல்லோர் கையும் ஓடத்தொடங்கியதும் ஓனர் பக்கத்துக்கான ரேட்டைக் குறைத்தார். 'இப்பதான் சீக்கிரம் முடிச்சிடுறீங்களே' என்றார். துண்டுக்கூலியின் சூட்சுமம் இதுதான், புதிதல்ல. குறுக்குவழியைக் கண்டுபிடித்தது தொழிலாளியின் விரல், அதற்குச் சுங்கம் வசூலித்தது வேறு ஆள்.

ஆகவே வேகமா மந்தமா என்பது பிழையான எதிர்வு. கை சேர்த்துவைத்த நினைவு ஒரு சொத்து. அது யாருடையது, யார் அதைப் பறிக்க முடியும் என்பதுதான் கேள்வி.

5

பறிப்பது கூலி வழியாக மட்டும் நடப்பதில்லை, வடிவம் வழியாகவும் நடக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 2000 தொகுப்பில் மெனுக்கள் 'தானே தகவமைத்துக்கொள்ளும்' என்றார்கள். நீங்கள் அடிக்கடி பயன்படுத்துகிற கட்டளைகள் மட்டும் தெரியும், மற்றவை ஒளிந்துகொள்ளும். உபயோகத்துக்கு ஏற்பப் பட்டியல் மாறும். பட்டியல் சுருங்கினால் தேடும் நேரம் குறையும் என்பது தர்க்கம். நடந்தது நேர்மாறு. நேற்று நான்காவதாக இருந்தது இன்று இரண்டாவது. கை இடத்தை நினைவில் வைக்கிறது, பட்டியலை வாசிப்பதில்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பாஸிட்டரின் கேஸை யாரோ கலைத்து அடுக்கியதுபோல. 2007 பதிப்பில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது, மெனுக்களுக்குப் பதில் ரிப்பன் வந்தது. அதில் ஒரு விஷயம் குறிப்பிடத்தக்கது: மெனுக்கள் போன பிறகும் பழைய பதிப்பின் ஆல்ட் விசைத் தொடர்கள் வேலை செய்யும்படி விட்டுவைத்தார்கள். கண்ணுக்கு எல்லாம் மாறியது, விரலுக்கு மாறவில்லை. பழகிய கைக்குக் கொடுத்த மரியாதையாகவே இதைப் பார்க்கிறேன்.

அடுத்தது கற்றலின் பிரச்சினை. மெனுவில் கட்டளைக்குப் பக்கத்தில் அதற்கான விசையைச் சின்னதாக எழுதியிருப்பார்கள். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்பது எதிர்பார்ப்பு. 2005இல் வெளியான ஓர் ஆய்வு வேர்டில் அனுபவமுள்ள 251 பேரைக் கேட்டது. பெரும்பாலோர் அடிக்கடி செய்யும் வேலைக்குக்கூட விசையைத் தொடுவதில்லை, ஐகானைத்தான் சொடுக்குகிறார்கள். சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியுமா? மௌஸைப் பிடித்து மெனுவுக்குப் போகிற கை மௌஸ் போகிற பாதையைத்தான் பயிற்சி செய்கிறது. ஆயிரம் தடவை போனாலும் அதுதான் பழகும். புதியவரின் பாதையும் தேர்ந்தவரின் பாதையும் தொடக்கத்திலேயே வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவ, கொஞ்ச நாள் வேகம் குறைந்து தடுமாறச் சம்மதிக்கவேண்டும். தலைக்குமேலே மேற்பார்வையாளர் நிற்கிற இடத்தில் யார் தடுமாறுவார்கள்? ஓய்வு உள்ளவர்களே குறுக்குவழியைக் கற்கிறார்கள். படிப்பு யாருக்கு வாய்க்கிறது என்கிற பழைய கதை இங்கேயும் ஓடுகிறது.

இதை மாற்றமுடியாதா என்றால் முடியும். டொரோன்டோவில் கார்டன் குர்ட்டன்பாக், வில்லியம் பக்ஸ்டன் இருவரும் 1990களின் முற்பகுதியில் ஒரு மெனுவை வடிவமைத்தார்கள். பேனாவையோ மௌஸையோ அழுத்திக்கொண்டு ஒரு கணம் காத்திருந்தால் சுற்றிலும் வட்டமாகக் கட்டளைகள் விரியும். வேண்டிய திசையில் இழுத்தால் போதும். பழகியவர் காத்திருக்க வேண்டாம், மெனு விரியாமலே அதே திசையில் ஒரு கீற்று இழுத்துவிடலாம், வேலை முடிந்தது. இங்கே கத்துக்குட்டி செய்கிற அசைவும் வித்தகர் செய்கிற அசைவும் ஒன்றே. ஒவ்வொரு தடவை மெனுவைப் பார்த்து இழுக்கிறபோதும் பார்க்காமல் இழுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். 1998இல் வந்த மாயா என்ற முப்பரிமாண மென்பொருளில் இது இடம்பெற்றது. ஜனநாயகம் என்ற சொல்லை மெனுவுக்குப் பயன்படுத்தலாம் என்றால் இதற்குத்தான் பயன்படுத்துவேன். கற்றவர்க்கு ஒரு கதவு, கல்லாதவர்க்கு ஒரு கதவு என்று இது வைக்கவில்லை.

6

நம் பக்கத்துக்கு வருவோம். தமிழாக்கம் செய்யப்பட்ட பல மென்பொருள்களில் மெனுவில் 'கோப்பு' என்று இருக்கும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கில எஃப் இருக்கும். ஆல்ட்டோடு அதைத் தட்டினால் மெனு திறக்கும். பார்வைக்குத் தமிழ், ஆணைக்கு ஆங்கிலம். காப்பிக்கு சி என்பது ஆங்கிலம் தெரிந்தவருக்கு நினைவுக்குறி. தெரியாதவருக்கு அது ஒரு கட்டம். ஆனால் ஒட்டுவதற்கு வி, வெட்டுவதற்கு எக்ஸ், செய்ததை நீக்க இஸட் என்பவை ஆங்கிலேயருக்கும் முதலெழுத்து அல்ல, அவை கீபோர்டின் கீழ்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். விரலுக்கு மொழி கிடையாது, இடம்தான் உண்டு. ஆகவே பழகிய பிறகு தமிழ் விரலும் ஆங்கில விரலும் சமம். பழகுகிற காலத்தில்தான் சமம் இல்லை. பலரும் உதிர்ந்துபோவது அந்தக் காலத்தில்தான்.

1999இல் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்தியது. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. புள்ளியைப் பல இடங்களில் அதுவே போட்டுக்கொள்ளும். விசைத்தட்டல் குறைவு, தர்க்கம் சுத்தம். ஆனாலும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்த கைகள் பழைய அமைப்பை விடவில்லை. இதைப் பழைமைவாதம் என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஒரு சர்ட்டிபிகேட்டும் ஒரு பிழைப்பும் அந்த விரல்களில் இருந்தன என்பதை அவர்கள் பார்க்கவில்லை. நல்ல வடிவமும் கைநினைவைப் பறிக்கக்கூடும். பறிக்கிறபோது பழகும் காலத்துக்குக் கூலி யார் தருவது என்ற கேள்வியும் கூடவே வரவேண்டும்.

இன்னொருவரையும் இந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் கொண்டு கணினியை இயக்குகிறார்கள். 2006இல் தொடங்கப்பட்ட என்விடிஏ போன்ற இலவச மென்பொருள் வந்தபின் இது பரவலாகியிருக்கிறது. அவர்களுக்கு மௌஸால் சுட்ட எதுவுமில்லை, விசை மட்டுமே. நாம் குறுக்குவழி என்பது அவர்களுக்கு ராஜபாட்டை. 1987இல் ஐபிஎம் வெளியிட்ட இடைமுக விதிகள் எல்லா வேலையையும் விசையாலும் செய்யமுடிய வேண்டும் என்ற கொள்கையைப் பரப்பின. அன்று அதன் நோக்கம் அலுவலக வேகம். அதன் பலன் வேறொருவருக்கும் போய்ச் சேர்ந்தது. மௌஸுக்கு மட்டுமே பணிகிற ஒரு பட்டனை இன்று ஒருவர் வடிவமைக்கிறார் என்றால் அவர் ஒரு விநாடியை அல்ல, ஒரு மனிதரையே கழித்துவிடுகிறார்.

7

மென்பொருள் எழுதுகிற இளைஞர்கள் நம் வாசகர்களில் இப்போது நிறையப்பேர் இருக்கிறார்கள். பகலில் திரை, இரவில் கவிதை. அவர்களிடம் மூன்று கேள்விகளை வைக்கிறேன். நீங்கள் மிச்சம் பிடிக்கிற விநாடி யார் பையில் விழுகிறது? உங்கள் மெனுவில் புதியவர் போகிற பாதை தேர்ந்தவரின் பாதையாக வளர்கிறதா, அல்லது இரண்டு சாதிகளாகப் பிரிகிறதா? அடுத்த பதிப்பில் நீங்கள் எதையாவது இடம் மாற்றுகிறபோது அந்த இடத்தைக் கையில் சுமந்துகொண்டிருந்தவரைக் கேட்டீர்களா? விசையைத் தானே மாற்றியமைத்துக்கொள்ளும் உரிமை பயன்படுத்துகிறவருக்கு இருக்கவேண்டும் என்பது புதிய கோரிக்கை அல்ல. 1976இல் ஸ்டால்மனும் சகாக்களும் தொடங்கிய ஈமாக்ஸ் எழுத்துத்தொகுப்பியில் எந்த விசை எந்த வேலை என்பதை அவரவர் மாற்றிக்கொள்ள முடிந்தது. அலுவலகக் கணினிகளில் இன்று அந்த அமைப்புப் பக்கம் நிர்வாகியின் பூட்டுக்குள் இருப்பதைப் பார்க்கிறேன்.

தொழிற்சங்கத்தில் இருக்கிற தோழர்களிடமும் ஒன்று. இயந்திரம் வருகிறதா என்று மட்டும் பேச்சுவார்த்தை நடத்திப் பழகிவிட்டோம். வந்த இயந்திரத்தின் திரை எப்படி இருக்கவேண்டும், பழக எத்தனை நாள் சம்பளத்தோடு வேண்டும், தட்டலை எண்ணுகிற கணக்கை யார் பார்க்கலாம் என்பதையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கவேண்டும். ஆபரேட்டர் கேட்டுக்கொண்டே தட்டுவார் என்பது ஆய்வாளர்கள் வந்து சொல்லும்வரை நைனெக்ஸ் நிர்வாகத்துக்குத் தெரியாது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களை யாரும் கேட்கவில்லை. நம் இடங்களில் கேட்கிற வேலையை நாமே தொடங்கலாம்.